சட்ட மறுப்பைக் கீழ்ப்படியாமை ஆக்காதீர்கள்

அண்ணன் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். காந்தியின் பார்வையில் குடிமகனின் கடமை என்று பள்ளியில் பேச்சுப் போட்டி. எழுதி வைத்திருந்த தாளைத் திருத்தித் தரச் சொல்லி நீட்டினாள். மூன்றாவது வரியில் கண் நின்றுவிட்டது: "குடிமைக் கீழ்ப்படியாமை ஒவ்வொரு குடிமகனின் பிறப்புரிமை என்றார் காந்தி." எங்கிருந்து எடுத்தாய் என்றேன். ஏதோ ஒரு மொழிபெயர்ப்புக் கட்டுரையாம். அப்புறம் அவளே கேட்டாள்: "அப்போ மிஸ் சொல்றதைக் கேக்காம இருந்தா அதுவும் இதுதானா அத்தை?"

பிள்ளை கேட்டதில் தப்பே இல்லை. அந்தச் சொல் அப்படித்தான் கேட்கத் தூண்டும். கொஞ்ச காலமாகக் கட்டுரைகளில், மேடைகளில், படங்களுக்குக் கீழே ஓடும் வரிகளில் எல்லாம் இந்தக் 'கீழ்ப்படியாமை'யைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போயிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் 'சிவில் டிஸ்ஒபீடியன்ஸ்'. சிவில் என்பது குடிமகனைக் குறிக்கும் 'சிவிஸ்' என்ற லத்தீன் சொல்லின் வழி வந்தது. மரியாதையான, பண்பான என்ற பொருளும் அதற்கு உண்டு. 'ஒபீடியன்ஸ்' லத்தீனில் காதுகொடுத்துக் கேட்பதிலிருந்து பிறந்தது, நாம் 'சொன்ன பேச்சு கேட்பது' என்கிறோமே, அது. அமெரிக்கரான தோரோ வரி கட்ட மறுத்துச் சிறையில் ஓர் இரவு இருந்தவர். 1849இல் அவர் எழுதிய கட்டுரைக்கு அவர் இறந்த பிறகு, 1866இல் வந்த தொகுப்பில், இந்தப் பெயர் ஏறியது. அதை எடுத்து ஒரு நாட்டின் தலைவிதியோடு சேர்த்தவர் காந்தி.

சரி, கீழ்ப்படியாமையில் என்ன கோளாறு? சொல்லைப் பிரித்துப் பாருங்கள். கீழே படிவது கீழ்ப்படிதல். ஒருவர் மேலே, ஒருவர் கீழே. பிள்ளை பெற்றோருக்கு, சிப்பாய் அதிகாரிக்கு, வேலையாள் முதலாளிக்குக் கீழ்ப்படிவார்கள். அதில் 'ஆமை' சேர்த்தால் என்ன கிடைக்கும்? அடங்காத பிள்ளை, திமிர் பிடித்த வேலையாள். அரசு மேலே, குடிமகன் கீழே என்ற ஏற்பாடு சொல்லுக்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேரில்கூட இந்த மேல் கீழ் இல்லை, கேட்பதும் கேளாததும்தான் இருக்கிறது. காந்தி உடைக்கப் பார்த்ததே இந்த மேல் கீழைத்தான்.

1922 மார்ச் 18, அகமதாபாத். தன் பத்திரிகையான 'யங் இந்தியா'வில் எழுதிய மூன்று கட்டுரைகளுக்காகக் காந்தி மேல் ராஜதுரோக வழக்கு. நீதிபதி புரூம்ஃபீல்டு முன்னால் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சட்டத்தின் கண்ணில் இது தெரிந்தே செய்த குற்றம், என் கண்ணில் ஒரு குடிமகனின் தலையாய கடமை, ஆகவே இருப்பதிலேயே பெரிய தண்டனையைக் கொடுங்கள் என்று கேட்டு நின்றார். ஆறு ஆண்டு கிடைத்தது. இந்த மனிதர் செய்ததைக் கீழ்ப்படியாமை என்று எப்படி எழுத மனம் வருகிறது? கீழ்ப்படியாதவன் தண்டனைக்குத் தப்பி ஓடுவான். இவர் தண்டனையைக் கேட்டு வாங்குகிறார்.

இன்னொன்று. சட்டத்தை மனமுவந்து மதித்து நடந்து பழகியவனுக்கே ஒரு சட்டத்தை எதிர்க்கும் தகுதி வரும் என்பது காந்தியின் உறுதியான கருத்து. விசாரணை இல்லாமலே ஆளைச் சிறையில் வைக்க வழிசெய்த ரௌலட் சட்டத்தை 1919இல் எதிர்த்தபோது, அந்தப் பழக்கம் இல்லாத மக்களைத் தயார்ப்படுத்தாமல் இறக்கிவிட்டோமே என்று வருந்தி, அதை இமயமலை அளவு தவறு என்றார். நாம் இன்றும் வாய்க்கு வாய் சொல்லும் 'இமாலயத் தவறு' அங்கிருந்து வந்ததுதான். இவ்வளவு கட்டுப்பாடு கேட்கும் ஒரு செயலுக்கு அடங்காமையின் பெயரை வைப்பது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

சிலர் 'ஒத்துழையாமை' என்று எழுதுகிறார்கள். அது வேறு இயக்கம். 1920இல் தொடங்கியது. பட்டத்தைத் திருப்பிக் கொடுப்பது, அரசுக் கல்லூரியை விட்டு வெளியேறுவது, அந்நியத் துணியை விலக்குவது. இவற்றில் எதற்கும் சட்டத்தை உடைக்க வேண்டியதில்லை, அரசோடு சேராமல் விலகி நின்றால் போதும். உப்பு அள்ளியது அப்படியா? அது நேராகச் சட்டத்தின் மேல் கை வைத்தது. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் படிக்கிற பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

நம் பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது: சட்ட மறுப்பு. அருமையான சொல். 'சட்ட மீறல்' என்று சொல்லாததை கவனியுங்கள். மீறலை யாரும் பார்க்காதபோதும் செய்யலாம், இரவு பதினொரு மணிக்கு சிக்னலைத் தாண்டுகிற மாதிரி. மறுப்பதற்கு எதிரே ஆள் வேண்டும், முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல வேண்டும். 1930இல் உப்பு அள்ளத் தண்டிக் கடற்கரைக்குக் கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பே, மார்ச் 2ஆம் தேதி, வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டுத்தான் காந்தி புறப்பட்டார். அதுதான் மறுப்பு. அதே ஆண்டு ஏப்ரலில் ராஜாஜியின் தொண்டர் படை, அதுவும் உப்பு அள்ளத்தான், திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது. தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுக்கக் கூடாது என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவு போட, ஊர்மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரங்களில் கட்டித் தொங்கவிட்டார்கள். அதிகாரியோடு கைகலப்பில்லை, வசவில்லை. ஆனால் உத்தரவு செல்லாது என்பது மரத்துக்கு மரம் தொங்கியது.

சட்ட மறுப்பில் ஒரு குறை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 'சிவில்' அதில் இல்லை. குஜராத்தியில் 'சவினய கானூன் பங்' என்பார்கள். சவினய என்றால் பணிவோடு, கானூன் பங் என்றால் சட்டத்தை உடைத்தல். இந்தியிலும் அதே 'சவினய' உண்டு. மறுப்பு உண்மையாகவும் மரியாதையாகவும் இருக்க வேண்டும், அடியில் பகையோ வெறுப்போ இருக்கவே கூடாது என்று காந்தியே விளக்கியிருக்கிறார். அந்தப் பணிவு தமிழில் விட்டுப்போனது.

அதற்காகத்தான் 'குடிமை'யைச் சேர்க்கிறோம் என்பார்கள். ஆசையான சொல்தான். குறளில் குடிமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அங்கே அது நல்ல குடியில் பிறந்தவரின் பண்பு. "நகைஈகை இன்சொல் இகழாமை நான்கும் வகையென்ப வாய்மைக் குடிக்கு." அந்த இகழாமை காந்தி சொன்னதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது! ஆனால் இன்றைக்குக் குடிமை என்றால் ஜனங்களுக்கு நினைவு வருவது குடிமைப் பொருள், அதாவது ரேஷன் அரிசி. இல்லாவிட்டால் குடிமைப் பணித் தேர்வு. 'குடிமைச் சட்ட மறுப்பு' என்று எழுதினால் இன்னும் மோசம், சிவில் சட்டத்தை வேண்டாம் என்கிறார்கள் போலிருக்கிறது என்று படிப்பார்கள்.

ஆகவே இயக்கத்தின் பெயராக வரும் இடத்தில் சட்ட மறுப்பு, கருத்தை விளக்கும் இடத்தில் அறவழிச் சட்ட மறுப்பு. 'அறவழி' சிவிலுக்கு நேர்ச்சொல் இல்லை என்று தனித்தமிழ் நண்பர்கள் என்னிடம் சண்டைக்கு வரலாம். கேட்டதும் புரிகிறதே, எனக்கு அது போதும். அகராதியில் ஒவ்வொரு துண்டாகத் தேடி ஒட்டுகிற மொழிபெயர்ப்பாளர்களிடம் என் வருத்தம் ஒன்றே. பெயர்க்க உட்காரும் முன் அந்தப் பொருளுக்குத் தமிழில் பெயர் உண்டா என்று ஒரு பள்ளிப் புத்தகத்தைப் புரட்டினால் என்ன? தண்டி ஒரு பெயரிலும் தோரோ வேறு பெயரிலும் இருந்தால், இரண்டும் ஒரே விஷயம் என்று அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது?

அவள் தாளில் அந்த வரியை அடித்துவிட்டு, "அறவழியில் சட்டத்தை மறுப்பது குடிமகனின் உரிமை" என்று எழுதிக் கொடுத்தேன். மிஸ் விஷயத்துக்கு, "முதலில் போய் மிஸ்ஸிடம் நேரே சொல், அவர் தரும் தண்டனையையும் வாங்கிக்கொள்" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வீட்டுப்பாட நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.