மகஜர்: சொல்லுக்குள் இருக்கும் முன்னிலை

குற்ற வழக்கு ஒன்றின் கட்டைப் பிரித்துப் பார்த்தால், முதல் தகவல் அறிக்கைக்கு அடுத்து அடிக்கடி கண்ணில் படுவது மகஜர். சாட்சிகள் முன்னிலையில் போலீஸ் எழுதும் பதிவு அது. சம்பவ இடத்தைப் பார்த்து எழுதியது பார்வை மகஜர். கத்தியோ செல்போனோ ரத்தக்கறை படிந்த சட்டையோ எடுத்திருந்தால், அதற்கு ஒரு கைப்பற்றுதல் மகஜர். அடியில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அவர்கள் மகஜர் சாட்சிகள். தமிழ்நாட்டில் பல வழக்குகளில் அந்த இடத்தில் கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தைப் பார்க்கலாம்.

மகஜர் என்பது அரபுச் சொல். ‘வந்திருத்தல், எதிரில் இருத்தல்’ என்று பொருள் தரும் வேரிலிருந்து பிறந்தது. பலர் கூடியிருக்கும் இடம், அவர்களுடைய முன்னிலை என்பதுதான் முதல் பொருள். பிறகு அந்த முன்னிலையில் எழுதப்பட்ட ஆவணத்துக்கும் அதுவே பெயராயிற்று. பாரசீகத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து, தமிழில் ‘மகஜர்’ என்று நின்றது. இதே வேரில் பிறந்த இன்னொரு சொல்லை நாம் தினமும் சொல்கிறோம்: ‘கோர்ட்டில் ஆஜரானார்’ என்பதில் வரும் ஆஜர். அரபு நாடுகள் சிலவற்றில் போலீஸ் எழுதும் பதிவுக்கு இன்றும் இந்தச் சொல்தான் வழங்குகிறது.

முகலாயர் காலத்தில் இதற்குப் பெரிய கௌரவம் இருந்தது. சமய விவகாரங்களில் அக்பருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை உண்டு என்று 1579-இல் மார்க்க அறிஞர்கள் கையொப்பமிட்டுக் கொடுத்த ஆவணத்தை வரலாற்றில் மகஜர் என்றே குறிப்பிடுகிறார்கள். மராட்டிய நாட்டில் சபை கூடி ஒரு வழக்கைத் தீர்த்தால், அந்தத் தீர்ப்பை எழுதிய ஏடும் மகஜர்தான். இரண்டிலும் ஒரு விஷயம் பொது. பலர் கூடியிருந்தார்கள், கூடியிருந்தவர்களே கையொப்பம் போட்டார்கள்.

இலங்கைத் தமிழர் வேறு கிளையைப் பிடித்துக்கொண்டார்கள். ‘ஆளுநரிடம் மகஜர் கையளித்தனர்’ என்று அங்கே செய்தி வந்தால், பலர் கையொப்பமிட்ட கோரிக்கை மனு என்று பொருள். இதைச் சென்னையில் படிப்பவர் போலீஸ் விவகாரம் என்று நினைத்துக் குழம்பக்கூடும். மராட்டியத்திலும் குஜராத்திலும் இதே போலீஸ் ஆவணத்தைப் பஞ்சநாமா என்கிறார்கள். ஐவர் கூடிய பஞ்சாயத்தின் நினைவு அந்தப் பெயரில் இருக்கிறது, சட்டம் கேட்பது இரண்டு பேரைத்தான் என்றாலும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 103-ஆம் பிரிவாகியிருக்கிறது. ஒரு வீட்டைச் சோதனை போடுமுன் அந்தப் பகுதியில் வசிக்கும், வழக்கில் சம்பந்தமில்லாத, மதிப்புள்ள இருவரையாவது அழைக்க வேண்டும். அங்கே யாரும் கிடைக்காவிட்டால், அல்லது வர மறுத்தால், வேறு பகுதியிலிருந்து அழைக்கலாம். சோதனை அவர்கள் கண்ணெதிரே நடக்க வேண்டும். எடுத்த பொருள்களையும் எந்தெந்த இடத்தில் எடுத்தார்கள் என்பதையும் பட்டியலாக எழுதி, அவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வீட்டுக்காரர் கூட இருந்து பார்க்கலாம். அந்தப் பட்டியலின் நகல் அவருக்குச் சேர வேண்டும். இப்போது 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் பட்டியல் எழுதுவதையும் கையெழுத்து வாங்குவதையும் வீடியோவில் பதிவு செய்து, தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும்.

இத்தனை நிபந்தனைகளும் ‘முன்னிலை’ என்ற அந்த ஒரு பொருளைக் காப்பதற்காகவே இருக்கின்றன. ஆனால் ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதி, பிறகு யாரையோ கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார்கள் என்ற குற்றச்சாட்டு நம் நீதிமன்றங்களுக்குப் புதிதல்ல. கூண்டில் ஏறிய மகஜர் சாட்சி, ‘நான் எதையும் பார்க்கவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன்’ என்று சொல்லிப் பிறழ் சாட்சியாவதும் அப்படித்தான். எதிரில் ஆளில்லாமல் எழுதிய தாளை மகஜர் என்று அழைப்பதே எனக்குத் தவறாகப் படுகிறது. இதை நான் சொல்லாராய்ச்சிக்காக மட்டும் சொல்லவில்லை. ஒருவருடைய சுதந்திரமே அந்தத் தாளில்தான் தொங்குகிறது.

ஏன் என்றால், விதியை மீறி எடுத்த சாட்சியத்தை நம் நாட்டு நீதிமன்றம் தானாகவே தள்ளிவிடுவதில்லை. அமெரிக்காவில் 1961-இன் மாப் வழக்குக்குப் பிறகு, அரசியலமைப்புக்கு விரோதமான சோதனையில் கிடைத்த பொருளை மாநில நீதிமன்றங்களிலும் சாட்சியமாகக் காட்ட முடியாது என்பது பொது விதியானது. அதற்குச் சில விலக்குகள் உண்டு. நம் உச்ச நீதிமன்றம் 1973 டிசம்பரில் பூரண் மல் வழக்கில் வேறு வழியில் போனது. பொருள் வழக்குக்குப் பொருத்தமானதா என்று பார், சோதனை முறைகேடாக நடந்தது என்பதற்காக மட்டும் அதைத் தள்ளிவிடாதே என்றது. போதைப்பொருள் வழக்கு இதற்கு முக்கியமான விதிவிலக்கு. மாஜிஸ்திரேட் அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமை தனக்கு உண்டு என்பதைச் சந்தேக நபருக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் அவர் உடலில் எடுத்த பொருளை மட்டும் வைத்துத் தண்டனை தர முடியாது என்று 1999-இல் பல்தேவ் சிங் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. பாருங்கள், இங்கும் வருவது முன்னிலைதான்.

மற்ற வழக்குகளில், முறைகேடான சோதனை என்றால் நீதிபதி அந்தச் சாட்சியத்தைக் கூடுதல் கவனத்தோடு எடைபோடுவார். அப்போது அவர் கையில் இருப்பது மகஜரும் அதில் கையெழுத்திட்டவரின் வாய்மொழியும்தான். கைது விஷயத்திலும் இதே எண்ணம் உண்டு. கைது செய்யும்போது எழுதும் குறிப்பில் குடும்பத்தார் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்தது. அது பின்னர் சட்டத்திலேயே ஏறிவிட்டது.

அப்புறம், தமிழில் இதை எப்படிச் சொல்வது? சிலர் ‘அத்தாட்சி’ என்று எழுதுகிறார்கள். அது எந்தச் சான்றுக்கும் பொருந்தும். ‘கைப்பற்றுகைப் பட்டியல்’ என்றால் பொருள்கள் மட்டும் தெரிகின்றன, பார்த்த ஆட்கள் மறைந்துவிடுகிறார்கள். சாட்சிக்குத் தமிழில் ‘கரி’ என்ற அருமையான பழஞ்சொல் உண்டு. ‘இந்திரனே சாலுங் கரி’ என்ற குறளில் வருவது அதுதான். ஆனால் இன்று கரி என்றால் அடுப்புக்கரியே நினைவுக்கு வரும்.

நான் ‘முன்னிலைப் பதிவு’ என்பேன். ‘தலைவர் முன்னிலையில்’ என்று அழைப்பிதழில்கூட அச்சிடுகிறோம், யாரும் அகராதியைத் தேட வேண்டியதில்லை. அரபு மூலத்தின் பொருளும் கெடவில்லை. கைப்பற்றுதல் மகஜர் என்பது கைப்பற்றல் முன்னிலைப் பதிவு ஆகும், பார்வை மகஜர் என்பது இடப்பார்வை முன்னிலைப் பதிவு ஆகும். மகஜர் சாட்சியை முன்னிலைச் சாட்சி என்றே சொல்லிவிடலாம். கோயில் கல்வெட்டுகளில் சாட்சிகள் தம் பெயரோடு ‘இப்படி அறிவேன்’ என்று பொறித்துவைத்ததைப் பார்க்கலாம். இந்தப் பதிவின் அடியிலும் வெறும் கையெழுத்துக்குப் பதிலாக, ‘என் எதிரில் நடந்தது, இப்படி அறிவேன்’ என்று சாட்சி தன் கையாலேயே எழுதலாம்.