ஸ்டோரேஜ் அரே பச்சையா இருக்கு, அப்புறம் ஜாப் ஏன் முடியல?

மாசக் கடைசி வந்தா போதும், யாராச்சும் ஒருத்தர் வாட்ஸ்அப்புல ஸ்டோரேஜ் அரே (எல்லா சர்வருக்கும் டிஸ்க் குடுக்கற பெட்டி) டேஷ்போர்டு ஸ்க்ரீன்ஷாட்டப் போட்டு "பாருங்கண்ணே, லேட்டன்சி (பதில் வர ஆகற நேரம்) 1 மில்லிசெகண்ட்தான், எங்க பக்கம் எல்லாம் ஓகே"ன்னு முடிச்சிடறாங்க. இந்த மாசமும் வந்துச்சு. சிங்கப்பூர்ல தை செங் பக்கம் ஒரு டேட்டா சென்டர், சம்பள ஜாப் விடிஞ்சும் முடியல, ஸ்டோரேஜ் டீம் சர்வர் டீமைக் கை காட்டுது, சர்வர் டீம் டேட்டாபேஸைக் கை காட்டுது, டேட்டாபேஸ்காரரு பாவம் நல்லா இருந்த க்வெரிய ராத்திரி பூரா திருத்திக்கிட்டு உக்காந்திருக்காரு.

ஒருவாட்டி தெளிவா சொல்லிடறேன். அரே காட்டறது அரேயோட லேட்டன்சி, உங்க அப்ளிகேஷனோடது இல்ல. கமாண்டு அரே போர்ட்டுக்குள்ள நுழைஞ்சப்புறம்தான் அதோட கடிகாரமே ஓட ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ஹோஸ்ட் (அதான் சர்வர்) கியூல காத்துக் கிடந்தது, எச்பிஏல (சர்வர ஸ்டோரேஜோட சேக்கற கார்டு) நின்னது, ஸ்விட்ச்ல மாட்டுனது எதுவும் அதுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்ல. லாங் வீக்கெண்டுக்கு முந்தின வெள்ளி சாயங்காலம் மலேசியா பக்கம் ஜோகூர் போனவங்களுக்குப் புரியும்: கவுண்டர்ல பாஸ்போர்ட் பாக்க ஒரு நிமிஷம்தான், காஸ்வேல நின்ன மூணு மணி நேரத்த அந்த ஆபீசர் கணக்குல எழுத மாட்டாரு.

அந்த சர்வர்ல ஐயோஸ்டாட்ட (லினக்ஸ்ல டிஸ்க் நேரத்த அளக்கற டூல்) 1 செகண்டுக்கு ஒருவாட்டி ஓட விட்டோம். சர்வர்லேர்ந்து அரேக்குப் போற நாலு பாத்ல மூணு சும்மா ஜம்முனு போகுது, ஒண்ணு மட்டும் அப்பப்போ உறைஞ்சு நின்னு, அப்புறம் ரைட் அவெய்ட் (எழுதி முடிய ஆகற நேரம்) ஒரே குதியா 30,000 மில்லிசெகண்டத் தாண்டுது. லினக்ஸ்ல ஸ்கஸி (டிஸ்க் கமாண்டு) டைம்அவுட் 30 செகண்ட், அதான். ஸ்விட்ச்ல அந்த போர்ட்டப் பாத்தா சிஆர்சி எர்ரர் (வழில டேட்டா கெட்டுப்போச்சுங்கற கணக்கு) ஏறிக்கிட்டே இருக்கு. எஸ்எஃப்பி (போர்ட்டுல சொருகற ஆப்டிகல் மாட்யூல்) போச்சு. கெட்டுப்போன ஃப்ரேம் அரேக்கு ஒழுங்கா போய்ச் சேரவே இல்ல, போய்ச் சேந்ததுக்கு மட்டும் அது 1 மில்லிசெகண்ட்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. பொய் சொல்லலயே!

பேங்க் ஆளுங்களே, முக்கியமான சிஸ்டம் 12 மாசத்துல மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேல திடீர்னு படுக்கக் கூடாதுன்னு எம்ஏஎஸ் (சிங்கப்பூர் நாணய ஆணையம்) விதி இருக்கு, அதுல பாதிய நீங்க கை காட்டியே கரைச்சிடுவீங்க.

சரி, இனிமேலாச்சும் ஹோஸ்ட் பக்கம் மானிட்டரிங்க போட்டு வைங்க, பிரச்சன வர்றதுக்கு முன்னாடி. லினக்ஸ்ல சார் (sar-ங்கற ரெக்கார்டு டூல்) 10 நிமிஷத்துக்கு ஒருவாட்டிதான் எடுக்கும், அத 1 நிமிஷமா மாத்துங்க. ஏன்னா, 5 நிமிஷத்துல 10 செகண்ட் மட்டும் 200 மில்லிசெகண்ட், மிச்ச நேரம் 1னு வைங்க, சராசரி 8கூட வராது, எந்த அலாரமும் அடிக்காது. ஐயோஸ்டாட்டோட முதல் ரிப்போர்ட்ட மட்டும் பாத்துட்டு ஓடாதீங்க, அது மெஷின் பூட் ஆனதுலேர்ந்து உள்ள சராசரி. யூட்டில் (டிஸ்க் எத்தன சதவீத நேரம் பிஸின்னு) 100னு காட்டுனா அலறவும் வேணாம், அரே ஒரே நேரத்துல எத்தனையோ வேலய எடுத்துக்கும்.

விஎம்வேர்னா ஈஎஸ்எக்ஸ்டாப்ல (அங்க உள்ள அளக்கற டூல்) டிஏவிஜியையும் (ஹோஸ்ட்டுக்கு வெளில ஆகற நேரம்) கேஏவிஜியையும் (ஹோஸ்ட் கெர்னல்ல ஆகற நேரம்) தனித்தனியா பாருங்க. கேஏவிஜி 2 மில்லிசெகண்டுக்கு மேலயே நின்னா ஹோஸ்ட்லயே கியூ அடைக்குது, அரேய விட்டுடுங்க. விசென்டர்ல (விஎம்வேர மேனேஜ் பண்ற சர்வர்) 20 செகண்ட் சாம்பிள் 1 மணி நேரந்தான் தங்கும், காலைல வந்து தேடுனா 5 நிமிஷ சராசரிதான் கிடைக்கும். விண்டோஸ்ல பெர்ஃப்மான் டூல் டிஸ்க் நேரத்த செகண்ட்ல காட்டும், 0.020ன்னா 20 மில்லிசெகண்ட், "பூஜ்யந்தான் சார்"னு சொல்லாதீங்க ப்ளீஸ்.

அப்புறம் நேரம். எல்லா மெஷின் கடிகாரத்தயும் என்டிபி (கடிகாரத்த ஒத்துப்போக வைக்கறது) வெச்சு சரி பண்ணுங்க, டைம்ஸோனையும் பாருங்க. அரே லாக் யூடிசில, சர்வர் சிங்கப்பூர் நேரத்துல, 8 மணி நேர வித்தியாசத்துல உக்காந்து ரெண்டு கிராஃபையும் பொருத்திப் பாக்கறாங்க! அரேல ஹோஸ்ட்டுக்கு ஒழுங்கா பேரு வைங்க, "டெஸ்ட்2"ங்கற பேருல ப்ரொடக்ஷன் டேட்டாபேஸ் ஓடுனா எந்த ஹோஸ்ட்டுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?

டிக்கெட் போடும்போது எந்த ஹோஸ்ட், எந்த லன் (அரேல ஒதுக்குன டிஸ்க்), எத்தன மணிலேர்ந்து எத்தன மணி வரைக்கும்னு எழுதி, ஹோஸ்ட்ல எடுத்த ஃபைலயும் சேத்து அனுப்புங்க. ஸ்க்ரீன்ஷாட் வேணாம்.