உருகுநிலை இறங்கினால் கோகிறிஸ்ரலா?

இந்த வருசத்தில் இது நாலாவது தடவை. ஆய்வேட்டு வரைவைக் கையில் பிடித்தபடி ஓடி வந்த பிள்ளை, "மிஸ், உருகுநிலை இறங்கிட்டுது, கோகிறிஸ்ரல் வந்திட்டுது" என்றாள். இரண்டு பொருள் சேர்ந்து ஆக்கும் ஒரே பளிங்கைத்தான் கோகிறிஸ்ரல் என்கிறோம். கஃபீனையும் பென்சோயிக்கமிலத்தையும் சம மூல் அளவில் எடுத்து அரைமணி நேரம் உரலில் அரைத்திருக்கிறாள். தனிக் கஃபீன் 236 பாகையளவிலும் பென்சோயிக்கமிலம் 122 பாகையிலும் உருகும். அவளுடைய தூளோ 122 க்குக் கீழேயே இளகத் தொடங்கிவிட்டது. முடிவுரையில் "உறுதிசெய்யப்பட்டது" என்றே எழுதிவிட்டாள்.

அவள் எடுத்த சோடியும் அப்படி. பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர்களுக்குத் தண்ணி காட்டிய சோடி அது. அரைத்தார்கள், கரைத்தார்கள், உருக்கினார்கள், வரவில்லை. 2013 இல், புளோரோபென்சோயிக்கமிலங்களோடு கஃபீன் சேர்ந்த பளிங்குகளை விதையாகத் தூவித்தான் அதை எடுத்தார்கள். எங்கள் உரலில் அரைமணியில் வந்திருந்தால் நான் வீதியெல்லாம் வெடி கொளுத்தியிருப்பேன்.

பிள்ளைகளே, இரண்டு பொருளைக் கலந்தாலே உருகுநிலை இறங்கும். மாசு சேர்ந்தால் உருகுநிலை குறையும் என்று உயர்தரத்தில் படித்தீர்களே, அதேதான் இது. கற்பூரத்தையும் மென்தோலையும் சேர்த்து அரைத்துப் பாருங்கள். இரண்டும் திண்மம், ஆனால் உங்கள் கண் முன்னாலேயே தண்ணியாகும். அதை யாரும் கோகிறிஸ்ரல் என்று சொல்வதில்லை, யூரெக்ரிக் கலவை என்பார்கள். உருகும்போது ஒன்றையொன்று இழுத்து விழுத்துகின்றன, அவ்வளவுதான். திண்மநிலையில் இரண்டும் வெவ்வேறு பளிங்குகளாகத்தான் இருக்கும். கோகிறிஸ்ரல் என்றால் இரண்டு மூலக்கூறும் ஒரே பளிங்குக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

இறங்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. ஐபுபுரோபன் 76 பாகையளவிலும் நிக்கொற்றினமைட்டு 129 பாகையளவிலும் உருகும். இரண்டும் சேர்ந்த கோகிறிஸ்ரல் உருகுவதோ ஏறத்தாழ 90 இல், அதாவது நடுவில். போன வருசம் ஒரு தம்பி இதைச் சரியாகவே எடுத்துவிட்டு, "இறங்கேல்லை மிஸ், பிழைச்சுப் போச்சு" என்று கொட்டப் போனான். நல்லவேளை, வாசலில் மறித்தேன்.

சரி, என்ன செய்வது? ஒரே ஒரு விகிதத்தை வைத்துக்கொண்டு கதை சொல்லாதீர்கள். 1:9 இலிருந்து 9:1 வரை ஒன்பது கலவைகள் செய்து, ஒவ்வொன்றும் எங்கே இளகத் தொடங்குகிறது, எங்கே முழுதாகத் தெளிகிறது என்று குறித்து வரைபடம் கீறுங்கள். தெளிநிலைக் கோட்டில் ஒரே ஒரு பள்ளம் என்றால் வெறும் யூரெக்ரிக். இரண்டு பள்ளமும் நடுவில் ஒரு மேடும் தெரிந்தால் என்னிடம் ஓடி வாருங்கள், அப்போது நானும் துள்ளுவேன். (சில கோகிறிஸ்ரல்கள் உருகுமுன்னரே பிரிந்துவிடும், மேடு தெரியாது. சூடாக்கும்போது நடக்கும் வெப்ப மாற்றங்களைக் கீறிக் காட்டும் டீ.எஸ்.சி. கருவியில் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். சூடாக்கும்போதே குழாய்க்குள் கோகிறிஸ்ரல் உருவாகிவிடுவதும் உண்டு. அது உங்கள் உரலின் சாதனை இல்லை.)

கடையில் வாங்கிய பனடோலை இடித்து "தூய பரசிற்றமோல்" என்று எழுதுவதைத் தயவுசெய்து விடுங்கள். அதற்குள் மாப்பொருளும் வேறு சேர்மானங்களும் கிடக்கின்றன. பிரித்தெடுத்து மீளப் பளிங்காக்கி, 169 பாகையளவில் கூர்மையாக உருகுகிறதா என்று பார்த்த பிறகுதான் தொடங்க வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சூட்டை ஏற்றாதீர்கள்: உருகுநிலையை அண்மிக்கும்போது நிமிடத்துக்கு ஒரு பாகை, அதற்கு மேல் வேண்டாம். கஃபீன் உருகுமுன்னரே பதங்கமாகும், குழாயின் வாயை அடையுங்கள். எதனோல் விட்டு அரைத்தால் நன்றாக உலர்த்துங்கள், மிஞ்சிய எதனோலும் உருகுநிலையை இறக்கும். மாரியில் தூளைத் திறந்தபடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், கஃபீன் ஈரத்தை உறிஞ்சி நீரேற்றாகிவிடும். ஒக்சாலிக்கமிலத்தோடு சேர்ந்த கஃபீன் கோகிறிஸ்ரல் 98 சதவீத ஈரப்பதத்தையும் வாரக்கணக்கில் தாங்கும். மருந்துக் கம்பனிகள் இதன் பின்னால் அலைவது சும்மா இல்லை.

பளிங்குக்குள் அடுக்கு புதியதா என்று காட்டும் எக்ஸ்கதிர்த் தூள் வரைபடம் கைக்கு வரும்வரை "இருக்கலாம்" என்றே எழுதுங்கள். அதற்காக யாரும் புள்ளி குறைக்கப் போவதில்லை.

அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒன்பது குழாய்களோடு நிற்கிறாள். கஃபீன் பக்கமிருந்து ஆறு முடிந்துவிட்டது. கோடு இறங்கிக்கொண்டே போகிறது, மேட்டைக் காணவில்லை.