மூவாயிரம் நூல்களில் உங்களுக்கு வேண்டியவை எத்தனை?

இறையியல் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவனிடம் ஆயர்களும் மாணவர்களும் தவறாமல் கேட்கும் கேள்வி, "லோகோஸ் வாங்கலாமா ஐயா?" என்பது. பெரும்பாலும் தள்ளுபடி முடிய இரண்டு நாள் இருக்கும்போதுதான் கேட்பார்கள். வேதாகம மென்பொருளோடு நூல்களையும் சேர்த்து விற்கும் அந்த அமெரிக்க நிறுவனத்தின் சிறிய தொகுப்புகளே சில நூறு டாலர். பெரியவை ஆயிரக்கணக்கில் போகும். கிராமச் சபை ஆயர் ஒருவருக்கு அது பல மாதச் சம்பளம். முதலில் நூல் பட்டியலை அனுப்புங்கள் என்பேன்.

பட்டியல் வந்ததும் காப்புரிமை தீர்ந்த நூல்களைக் கழிப்பேன். மத்தேயு ஹென்றி, கால்வின் ஆகியோரின் விளக்கவுரைகள், கைல்–டெலிட்ச் பழைய ஏற்பாட்டு உரைகள், 1890இல் வந்த ஸ்ட்ராங் சொல்லடைவு, ஆங்கிலத்தில் 38 தொகுதிகளாக வந்த திருச்சபைத் தந்தையர் எழுத்துகள் எல்லாம் இணையத்தில் இலவசம். கிறிஸ்டியன் கிளாசிக்ஸ் ஈத்தரியல் லைப்ரரியிலும் இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தேடினால் போதும். விளம்பரத்தில் ஒவ்வொரு தொகுதியும் தனி நூலாகவே எண்ணப்படும். தந்தையர் வரிசை ஒன்றே எண்ணிக்கையை 38 ஏற்றிவிடும்!

பழைய நூல் என்பதால் மதிப்பில்லை என்று சொல்லவில்லை. கால்வினை இன்றும் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். அகராதியின் நிலை வேறு. தேயரின் கிரேக்க அகராதி 1880களில் வந்தது. எகிப்திய மணலில் கிடைத்த பாப்பிரஸ் கடிதங்களையும் ரசீதுகளையும் கொண்டு, புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் அன்றைய சாதாரண மக்களின் மொழிதான் என்று ஜெர்மன் அறிஞர் டைஸ்மன் காட்டியது அதற்குப் பிறகு. சாக்கடல் அருகே குகைகளில் இருந்த பழைய கையெழுத்துப் பிரதிகளான கும்ரான் சுருள்கள் வெளிப்பட்டதோ 1947இல். காசு கொடுக்கத் தகுதியானவை இவற்றையெல்லாம் கணக்கில் எடுத்த நூல்கள்: 2000இல் மூன்றாம் பதிப்பு கண்ட பாவர்–டேங்கர் கிரேக்க அகராதி, கோலர்–பவும்கார்ட்னர் எபிரேய அகராதி, அண்மைக்கால விளக்கவுரைகள். கீழ்மட்டத் தொகுப்புகளில் தேடினால் பெரும்பாலும் இவைதான் இருக்காது. மொத்த விலையை விளம்பரம் சொல்லும் மூவாயிரம் என்ற எண்ணால் வகுக்காதீர்கள். நீங்கள் தனியாகக் கடைக்குப் போய் வாங்கியிருக்கக்கூடிய நூல்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அது பத்தைத் தாண்டாதவர்களே அதிகம். அந்தப் பத்தைத் தனித்தனியாகவும் வாங்கலாம், சிலவற்றை அச்சிலேயே மலிவாக வாங்கலாம். நியூ ஜெரோம் விவிலிய விளக்கவுரையை பெங்களூரில் தியலாஜிகல் பப்ளிகேஷன்ஸ் இன் இந்தியா இந்தியப் பதிப்பாகவே வெளியிட்டிருக்கிறது.

மூலமொழிச் சொல்லைத் தொட்டால் பொருளும் இலக்கணமும் வரவேண்டும் என்பதே தேவையென்றால், கேம்பிரிட்ஜ் டின்டேல் ஹவுஸ் ஆய்வு மையத்தில் உருவான ஸ்டெப் பைபிள் இணையதளமே போதும். அதற்குக் கட்டணமில்லை. தமிழ் நூல்களை எதிர்பார்த்து யாரும் பெரிய தொகுப்பு வாங்க வேண்டாம்; அங்கே ஆங்கிலத்தின் ஆட்சிதான்.

நூலகன் என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது உரிமம். ஓய்வுபெறும் ஆயர்கள் தங்கள் அலமாரியை எங்கள் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஓரக்குறிப்புகளோடு வரும் அந்த நூல்களை மாணவர்கள் தேடி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். மின்னூல் தொகுப்பில் நீங்கள் வாங்குவது உங்கள் பெயருக்கான பயன்பாட்டு உரிமை. பத்து மாணவர் எடுத்துப் படிக்கும்படி அதை நூலகத்தில் வைக்க முடியாது. நிறுவனம் நிலைக்குமா என்பதையும் யோசிக்க வேண்டும். மூலமொழி ஆய்வாளர்கள் கொண்டாடிய பைபிள்வொர்க்ஸ் 2018 ஜூனில் கடையை மூடியது. வாங்கியவர்களின் மென்பொருள் அன்றே நின்றுவிடவில்லை. ஆனால் புதிய கணினிகளுக்கேற்ப அதைத் திருத்தித் தர ஆளில்லை. மைக்ரோசாப்ட் 2019இல் மின்னூல் கடையை மூடியபோது, வாங்கிய நூல்களே வாசகர் கையைவிட்டுப் போயின. பணத்தைத் திருப்பித் தந்தார்கள், அது வேறு விஷயம். லோகோஸும் 2024இல் சந்தா முறைக்கு நகர்ந்துவிட்டது. விலைக்கு வாங்கிய நூல்கள் உங்களிடம் இருக்கும். புதிய வசதிகளுக்கு மாதாமாதம் கட்ட வேண்டும். வாங்கும்போது எது நூலுக்கான விலை, எது சந்தா என்று பிரித்துக் கேளுங்கள். டாலர் ஏறினால் சந்தாவும் ஏறும்.

வாங்கச் சொல்லி நானே அனுப்பியவர்களும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வாளர், வேதாகம மொழிபெயர்ப்பாளர், நல்ல நூலகம் எட்டாத தொலைவில் வகுப்பெடுப்பவர். ரோமர் 3:25ஐப் பற்றித் தன்னிடமுள்ள அத்தனை விளக்கவுரைகளும் அகராதிகளும் சொல்வதைச் சில நொடிகளில் ஒரே திரையில் கொண்டுவரும் தேடல் வசதி, அவர்களுக்கு ஒரு நாள் வேலையை மிச்சப்படுத்தும். இந்த வசதியை எந்த இலவசத் தளமும் இதே அளவுக்குத் தருவதில்லை.

இன்னும் மனம் ஊசலாடினால், லோகோஸின் இலவசப் பதிப்பில் கை பழகுங்கள். தொகுப்பு வாங்குவோருக்கு 30 நாளுக்குள் பணம் திரும்பப் பெறும் உத்தரவாதத்தையும் அந்நிறுவனம் தந்துவருகிறது. நிபந்தனைகளை மட்டும் பணம் கட்டும் முன் படித்துவிடுங்கள். அந்த நாள்களில் வரும் ஞாயிறுகளுக்கான பிரசங்கங்களை அதைக் கொண்டே தயாரித்து, திறந்த நூல்களின் பெயரை ஒரு தாளில் எழுதி வையுங்கள். தாளில் இருப்பவை பெரும்பாலும் இலவச நூல்களாக இருந்தால், முப்பதாம் நாளுக்குக் காத்திராமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.