தெம்போ: வேகம் அல்ல, தறுவாய்

“வேகம் வரும்வரை காத்திரு.” பழைய இத்தாலிய வாள்வீச்சுப் பயிற்சிக் காணொளி ஒன்றில் ஓடிய தமிழ் வரி இது. ஆசிரியர் சொன்னது தெம்போ. இந்தப் பிழையைப் பார்ப்பது எனக்கு மூன்றாவது தடவை. வேகம் என்ன, பஸ் பிடித்தா வரும்?

இலத்தீனில் தெம்புஸ் என்றால் காலம். அதன் பிள்ளைதான் தெம்போ. இத்தாலியில் பொழுது, வானிலை, வினைச்சொல்லின் காலம், இசையின் நடை எல்லாவற்றுக்கும் அதே சொல். நம் ‘காலமும்’ கிட்டத்தட்ட அப்படித்தான்: மழைக்காலம், இறந்தகாலம், கச்சேரியில் இரண்டாம் காலம். வேகம் என்ற பொருள் இசை வழியாக ஒட்டியது. ‘இடைவேளைக்குப் பிறகு டெம்போ குறைகிறது’ என்று சினிமா விமர்சனத்தில் எழுதுவதும் அந்த வழிதான். (சாமான் ஏற்றும் டெம்போவை இங்கே இழுக்க வேண்டாம்.)

வாள் ஆசான்கள் சொல்லும் தெம்போ வேறு: எதிரியின் அசைவில் நமக்கு அடிக்க வாய்க்கும் கணம். பொலோஞா ஊர்க்காரர் ஜொவான்னி தல்லகொக்கியே 1572இல் வெனிசில் வெளியிட்ட நூலில், தாக்குவதற்கான தெம்போ ஐந்து என்கிறார். எதிரியின் வெட்டைத் தடுத்தவுடன். அவன் வீச்சு நம் உடம்பைத் தாண்டிப் போனதும். அடிக்க அவன் வாளை ஓங்குகையில். யோசிக்காமல் நிலை மாறுகையில். நிலைகொண்டு நிற்பவன் முன்காலைத் தூக்குகையில். இதில் வேகம் எங்கே இருக்கிறது?

பயிற்சியில் இதை மெதுவாகவே சொல்லித் தரலாம். ஆசிரியர் முன்காலை ஆமைபோல் தூக்குவார். பாதம் தரையில் ஊன்றுவதற்குள் மாணவரின் வாள்முனை அவர் நெஞ்சைத் தொட வேண்டும். ஊன்றிய பிறகு மின்னலாகக் குத்தினாலும் தப்புதான். ‘வேகம்’ என்று படித்துவிட்டு வருகிற பையனோ எடுத்த எடுப்பிலேயே பாய்வான், எதிரே நீட்டிய வாளில் தானே போய்க் குத்திக்கொள்வான். மெத்ஸோ தெம்போவை ‘அரை வேகம்’ என்று போட்டால் இன்னும் மோசம். எதிராளியின் வீச்சு முடியுமுன் பாதியிலேயே அவன் கையை வெட்டும் சின்ன அசைவு அது. மொழிபெயர்ப்பை நம்பினவன் சோம்பலாக வாளை ஆட்டிக்கொண்டிருப்பான்.

‘லயம்’ என்கிறார் ஒரு நண்பர். அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எதிரி நம் லயத்துக்கு ஆட வந்தவன் இல்லை. ‘சமயம்’ பரவாயில்லை, ‘சமயம் பார்த்து அடித்தான்’ என்று ஊரே பேசுகிறது. வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. ‘அரைச் சமயம்’ என்றால் வகுப்பே சிரிக்கும், அவ்வளவுதான்.

தறுவாய் அப்படியில்லை. அது பெரும்பாலும் ஒரு வினையைப் பிடித்துக்கொண்டே வரும்: கிளம்பும் தறுவாய், ஓங்கும் தறுவாய், காலைத் தூக்கும் தறுவாய். தெம்போவும் அசைவை விட்டுத் தனியே நிற்காது. மெத்ஸோ தெம்போவுக்கு அரைத்தறுவாய் என்று தயங்காமல் எழுதலாம்.

அகராதியில் முதலில் கண்ட பொருளை ஒட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எட்டுமா தெரியவில்லை. அடுத்த காணொளியில் கொன்த்ரதெம்போ வருகிறதாம் (கொன்த்ர என்றால் எதிர்). ‘வேகத்தடை’ என்று போடாமல் இருந்தால் சரி.