பருந்துக்குப் பால் ஊற்றாதீர்கள்

ஒருநாள் மாலை மருத்துவமனையை மூடும் நேரத்தில் ஒரு அட்டைப்பெட்டி வந்தது. உள்ளே கரும்பருந்து. கொண்டு வந்தவர் அதை மூன்று வாரமாக வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டவர். “ரொம்ப சாது டாக்டர், கையில கொடுத்தாலே சாப்பிடுது” என்றார், கொஞ்சம் பெருமையாக.

நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சதை கரைந்து நடு எலும்பு கத்தி விளிம்பு மாதிரி விரலில் தட்டுப்பட்டது. இடது இறக்கையை மெல்ல விரித்தால் பாதிக்கு மேல் வரவில்லை.

பறவையின் எலும்பு வேகமாக ஒட்டும். பல முறிவுகள் 2, 3 வாரத்திலேயே கூடிவிடும். சிக்கலும் அதில்தான். கோணலாக இருந்தால் கோணலாகவே ஒட்டிவிடும். தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இறக்கையின் முன்பக்கம் ஒரு மெல்லிய தோல் படலம் உண்டு. இறக்கை மடங்கியே கிடந்தால் அது சுருங்கிப் போகும். மயக்க மருந்து கொடுத்துப் பலமுறை நீட்டி விட்டுப் பார்த்தோம், பலன் இல்லை. முதல் நாளே வந்திருந்தால் அது பறந்திருக்கலாம். கடைசியில் வலியில்லாமல் நிரந்தரமாகத் தூங்கவைத்தேன். வானத்தில் வட்டமடிக்கும் பறவையை வருடக்கணக்கில் கூண்டில் உட்கார வைப்பதை உயிர் காப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதை ஒத்துக்கொள்ளாத சக மருத்துவர்களும் இருக்கிறார்கள்.

அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை. காயத்தைவிடப் பாசம் கெடுத்த பறவைகளை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

வேட்டைப் பறவை மனிதன் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கிறதா? பழகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தப்பிக்க வழியில்லாத விலங்கு அசையாமல் கிடக்கும், அவ்வளவுதான். தடவிக் கொடுப்பது அதற்கு ஆறுதல் இல்லை, பிடிபட்டதன் அடையாளம்.

எடுக்கும்போது கனமான துணியைத் தலையோடு சேர்த்துப் போடுங்கள். இருட்டானால் அடங்கிவிடும். எல்லோரும் அலகைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், பயப்பட வேண்டியது கால்களுக்கு. விரல் மூடினால் உள்ளே தசைநார் பூட்டிக்கொள்ளும். நீங்கள் இழுக்க இழுக்க நகம் இறங்கும். (என் இடது கட்டைவிரல் இதற்குச் சாட்சி.) அதனால் முதலில் கால்களைப் பிடியுங்கள். ஆனால் நெஞ்சை இறுக்காதீர்கள். பறவைக்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. பயத்தில் அழுத்திப் பிடித்தே கொன்றுவிடலாம்.

அப்புறம் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் ஒரு துணி, சத்தமில்லாத இடம். கம்பிக் கூண்டு வேண்டாம். ஒரு ராத்திரி கம்பியில் அடித்துக்கொண்டால் வால் இறகும் பறக்கும் இறகும் ஒடிந்துவிடும். நகத்தைப் போல அவை தொடர்ந்து வளர்வதில்லை. அடுத்து இறகு உதிரும் பருவம் வரை காத்திருக்க வேண்டும், சமயத்தில் ஒரு வருடம்கூட. இறந்த பறவையின் இறகை எடுத்து, ஒடிந்த தண்டின் குழலுக்குள் மூங்கில் சிம்பு செருகிப் பசை வைத்து ஒட்டுவதும் உண்டு. வேட்டைப் பறவைகளைப் பழக்கி வேட்டையாடிய அந்தக் கால ஆட்களின் வித்தை இது. ஒவ்வொரு இறகும் அதன் வரிசையில், அதன் சாய்விலேயே உட்கார வேண்டும்.

வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழல் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும், தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பாலைச் செரிக்கவும் பறவையால் முடியாது. பட்டினி கிடந்த பறவைக்கு உடனே கறி கொடுப்பதும் ஆபத்து. நாங்களே முதலில் திரவம்தான் கொடுப்போம். குஞ்சு என்றால் இன்னொன்று: வெறும் கறியில் சுண்ணாம்புச் சத்து போதாது, எலும்பு வளைந்துவிடும். முழு இரையாகத் தின்று, செரிக்காத ரோமத்தை உருண்டையாகக் கக்குவதுதான் அதன் இயல்பு.

பறக்கப் பழகும் குஞ்சு தரையில் இருந்தால் அநேகமாகத் தாய் அருகில்தான் இருக்கும். காயம் இல்லையென்றால் பக்கத்து மரக்கிளையில் வைத்துவிட்டு நகருங்கள்.

மின்கம்பியில் மின்சாரம் தாக்கிய பறவையை மட்டும், நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும், விட்டுவிடாதீர்கள். சில நாள் கழித்துத்தான் இறக்கை நுனி கறுத்துக் காய ஆரம்பிக்கும்.

சரி, எலும்பு கூடிவிட்டது. விட்டுவிடலாமா? இங்கேதான் அவசரப்படுகிறார்கள். பறப்பது வேறு, பிழைப்பது வேறு. நீளமான கூண்டில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறக்கவைத்து, உட்கார்ந்த பிறகு மூச்சு எவ்வளவு சீக்கிரம் சீராகிறது என்று பார்ப்போம். வாயைத் திறந்தபடியே இருந்தால் இன்னும் சில வாரம். குப்பையிலும் இரை பொறுக்கும் கரும்பருந்துக்குக் கொஞ்சம் குறை இருந்தாலும் பிழைப்பு ஓடிவிடும். பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிக்கும் வல்லூறுக்கு நூற்றுக்கு நூறு வேண்டும். கூகை காதை நம்பி வேட்டையாடுவது. ஒரு கண் போனாலும் சிலது தேறும். ஆனால் சத்தத்தை விழுங்கும் அதன் இறகு விளிம்பு சிதைந்திருந்தால் எலிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்.

நன்றாகத் தேறிய இன்னொரு கரும்பருந்தை, கிடைத்த இடத்திலேயே ஒரு காலையில் விட்டோம். கண்டெடுத்த பெண்ணும் வந்திருந்தார். பெட்டியைத் திறந்ததும் மரத்துக்கு மேலே ஏறியது. உடனே ஏழெட்டுக் காகங்கள் துரத்தின. “ஐயோ, பிடிங்க டாக்டர்!” என்று அவர் என் கையைப் பற்றினார். பொறுங்கள் என்றேன். ஒரு காகம் முதுகில் கொத்த இறங்கியபோது பருந்து நடுவானில் சட்டென்று மல்லாந்து இரண்டு கால்களையும் நீட்டியது. காகம் விலகியது. பருந்து திரும்பி, இறக்கையைச் சாய்த்துக் காற்றில் ஏறி, கூரைகளுக்கு அப்பால் போனது.