டேங்க் பொருந்துகிறது, திரவம் பொருந்துகிறதா?

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் வேப்களை (மின் சிகரெட்டுகளை) கடைகள் விற்கக் கூடாது. அதுவரை உறையைப் பிரித்ததும் வாயில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது சார்ஜ் செய்து, திரவம் நிரப்பி, காயில் என்னும் சூடாக்கும் கம்பிச்சுருளை மாற்றிப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு வந்திருக்கிறார்கள். கிழக்கு லண்டனில் மருந்தாளுநராக வேலை செய்கிறேன். புகைப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்வதும் என் பொறுப்பு. அந்தத் தடைக்குப் பிறகு என்னிடம் வரும் கேள்விகள் மாறிவிட்டன. "விடுவது எப்படி" என்று கேட்டவர்கள் இப்போது "இந்தச் சாதனத்துக்கு எந்த டேங்க் போடலாம்" என்று கேட்கிறார்கள். டேங்க் என்பது திரவம் ஊற்றும் சிறு கலன்.

கேள்வி நியாயமானதுதான். பழைய வேப்பில் பேட்டரியின் திறன், காயிலின் தடை, திரவத்தின் நிக்கோட்டின் அளவு மூன்றையும் தொழிற்சாலையே ஒன்றுக்கொன்று பொருத்தி அனுப்பியது. இப்போது அந்தப் பொருத்தம் பார்க்கும் வேலை உங்கள் கைக்கு வந்துவிட்டது. கடையில் கிடைக்கும் சின்னக் கையேட்டை யாரும் படிப்பதில்லை, அதன் எழுத்தும் படிக்கிற அளவில் இல்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை ஏற்கெனவே சிகரெட் புகைப்பவர்களுக்காக, அதை விடுவதற்கு வேப்பை ஒரு வழியாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்காக மட்டும் எழுதியது. புகைக்காதவருக்கு நல்ல வேப் என்று எதுவும் கிடையாது. பதினெட்டு வயது நிறையாதவருக்கு விற்பது இங்கே குற்றம்.

புகைப்பவருக்கு இது உதவுமா என்றால், உதவும். 2019இல் வெளியான ஓர் ஆங்கிலேய ஆய்வில் 886 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது வேப் கொடுக்கப்பட்டவர்களில் 18 சதவீதம் பேர் சிகரெட்டை விட்டிருந்தார்கள். தோலில் ஒட்டும் பட்டை, சூயிங்கம் போன்ற நிக்கோட்டின் மருந்துகள் கொடுக்கப்பட்டவர்களில் 9.9 சதவீதம் பேர். இந்த எண்ணைக் கடைக்காரர்கள் விரும்பிச் சொல்வார்கள். சொல்லாமல் விடும் இன்னோர் எண்ணும் அதே ஆய்வில் இருக்கிறது. வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை விடவில்லை. மருந்துகளால் விட்டவர்களில் 9 சதவீதம் பேர்தான் அந்த மருந்தைத் தொடர்ந்தார்கள். இரண்டையும் அறிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இனி பொருத்தத்துக்கு வருவோம். பெரும்பாலான டேங்க்குகள் '510' என்ற ஒரே வகை மரையில் சாதனத்தோடு இணைகின்றன. ஆகவே ஒரு கம்பெனியின் டேங்க் இன்னொரு கம்பெனியின் சாதனத்தில் அழகாகத் திருகிக்கொள்ளும். திருகிக்கொண்டதாலேயே பொருந்திவிட்டது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

டேங்க்கினுள் இருக்கும் காயில் ஒரு சிறு கம்பிச்சுருள். அதைச் சுற்றிப் பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், கம்பி சூடாகி அதை ஆவியாக்கும். கம்பியின் தடை ஓம் கணக்கில் காயிலின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். கூடவே அதற்கு ஏற்ற வாட் எல்லையும் இருக்கும். ஒரு ஓமுக்கு மேல் இருந்தால் அது குறைந்த சக்தியில், இறுக்கமான இழுவையோடு, கொஞ்சமாக ஆவி தரும். ஒரு ஓமுக்குக் கீழே போகப் போக சூடும் ஆவியும் கூடும். தெருமுனையில் வெண்மேகமாக விட்டுக்கொண்டு நிற்கும் இளைஞர்களிடம் இருப்பது இந்த இரண்டாவது வகை.

சிகரெட் பிடிப்பவர் புகையை முதலில் வாய்க்குள் இழுத்து நிறுத்தி, பிறகுதான் நெஞ்சுக்குள் வாங்குவார். அந்தப் பழக்கத்துக்கு ஒத்துவருவது ஒரு ஓமுக்கு மேற்பட்ட காயில்தான். குறைந்த ஓம் டேங்க்கில் ஆவி நேராக நுரையீரலுக்குப் போகிறது. புதிதாக மாறுபவர் அதை இழுத்ததும் இருமித் தள்ளிவிட்டு, "இது எனக்குச் சரிவராது" என்று மறுபடி சிகரெட் பெட்டியை எடுத்துக்கொள்வார். சரிவராதது வேப் அல்ல, அவருக்கு விற்கப்பட்ட டேங்க்.

பஸ் ஓட்டும் ஓர் அண்ணன், ஐம்பது வயதைத் தாண்டியவர், இருபது சிகரெட்டிலிருந்து என் ஆலோசனையின்பேரில் சின்னச் சாதனத்துக்கு மாறினார். திரவம் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் உப்பு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அக்கா மகன் ஆசையாகப் பெரிய சாதனம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தான், 0.2 ஓம் டேங்க்கோடு. இவர் வீட்டில் மீதமிருந்த அதே திரவத்தை அதில் ஊற்றிவிட்டார். மறுநாள் மருந்தகத்துக்கு வந்து, "தங்கச்சி, நெஞ்சு படபடக்கிறது, வாந்தி வருகிறது, அந்தத் திரவத்தில் ஏதோ கலப்படம் இருக்கிறது" என்றார். கலப்படம் எதுவும் இல்லை. நிக்கோட்டின் அளவு மீறியிருந்தது. சின்னக் காயில் ஒரு நாளுக்கு இரண்டு மில்லி ஆவியாக்கினால், பெரிய டேங்க் அதே நாளில் எட்டு மில்லியைக் குடித்துவிடும். முதலாவதில் 40 மில்லிகிராம் நிக்கோட்டின் ஆவியாகும், இரண்டாவதில் 160.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரண நிக்கோட்டின் அளவு கூடினால் தொண்டை எரியும். அந்த எரிச்சலே கையைக் கீழே இறக்க வைக்கும். நிக்கோட்டின் உப்பில் பெரும்பாலும் பென்சாயிக் அமிலம் சேர்க்கப்படுவதால் அந்த எரிச்சல் மட்டுப்படுகிறது. எச்சரிக்கை மணியைக் கழற்றிவிட்டுத்தான் அது விற்பனைக்கு வருகிறது. ஆகவே 20 மில்லிகிராம் உப்புத் திரவம் ஒரு ஓமுக்கு மேற்பட்ட காயிலுக்கு மட்டும். பெரிய டேங்க்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் 3 அல்லது 6 மில்லிகிராமில் நிற்க வேண்டும்.

திரவத்தின் அடர்த்தியும் பார்க்க வேண்டியது. எல்லாத் திரவத்திலும் அடிப்படை இரண்டுதான்: நீர்த்த ப்ரொப்பிலீன் கிளைக்கால், கெட்டியான கிளிசரின். இரண்டும் பாதிக்குப் பாதி இருப்பது சின்னக் காயிலுக்கு ஏற்றது. கிளிசரின் 70 சதவீதம் உள்ளதைச் சின்னக் காயிலில் ஊற்றினால் பஞ்சு உறிஞ்சுவதற்குள் கம்பி சூடாகிக் கருகிவிடும். நீர்த்ததைப் பெரிய டேங்க்கில் ஊற்றினால் கீழ்ப்பக்கக் காற்றுத் துளை வழியாகச் சட்டைப் பைக்குள் ஒழுகும்.

புதுக் காயிலை, புதுத் தோசைக்கல்லைப் பழக்குவதுபோல, பழக்கித்தான் எடுக்க வேண்டும். பஞ்சு தெரியும் இடங்களில் சில சொட்டு திரவம் விடுங்கள், டேங்க்கை நிரப்புங்கள், பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். காயிலில் அச்சிட்டிருக்கும் வாட் எல்லையின் அடிமட்டத்திலிருந்து தொடங்குங்கள். காயிலைத் திருகியதும் இழுத்துப் பார்ப்பவர்கள் முதல் இழுப்பிலேயே அதைக் கருக்கிவிடுகிறார்கள். கருகல் சுவை வந்தால் உடனே நிறுத்துங்கள். பஞ்சு காய்ந்து கம்பி மிஞ்சிச் சூடாகும்போது ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற நச்சுப்பொருள்கள் உருவாகின்றன. "காசு கொடுத்து வாங்கியது, இன்னும் இரண்டு நாள் ஓட்டலாம்" என்று கருகிய காயிலோடு காலம் தள்ளுவது நம்மவர்களிடம் அதிகம். புது வேட்டியை அலமாரியில் வைத்துவிட்டுக் கிழிந்ததைக் கட்டும் சிக்கனத்தைக் காயிலில் காட்ட வேண்டாம். நிக்கல், குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் காயிலிலிருந்து ஆவிக்குள் கலப்பதை 2018இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள்.

டேங்க் எதனால் ஆனது என்பதையும் கேட்டு வாங்குங்கள். இலவங்கப்பட்டைச் சுவை, எலுமிச்சை, ஆரஞ்சுச் சுவைத் திரவங்கள் சிலவகைப் பிளாஸ்டிக்கில் விரிசல் விழச் செய்யும். அந்தச் சுவைகளுக்குக் கண்ணாடி டேங்க் தேவை. பிரிட்டனில் டேங்க்கின் கொள்ளளவு 2 மில்லி, நிக்கோட்டின் உள்ள திரவப் புட்டி 10 மில்லி, நிக்கோட்டின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் என்பவை சட்ட எல்லைகள். புட்டியில் அதற்கு மேல் எண் இருந்தால் அது கள்ளச்சரக்கு. விலை மலிவு என்று தூக்கி வராதீர்கள்.

பேட்டரியைப் பற்றி நீண்ட பாடம் எடுக்கப் போவதில்லை. உள்ளேயே பேட்டரி பொருத்தப்பட்ட சாதனத்தை வாங்குங்கள், போதும். கழற்றி மாற்றும் 18650 வகைப் பேட்டரி வைத்திருப்பவர்கள் அதைச் சாவி, சில்லறையோடு பையில் போடக் கூடாது. மேலுறை கிழிந்தால் குப்பைக்கல்ல, மறுசுழற்சிக்குக் கொடுத்துவிட வேண்டும். பாதுகாப்புச் சுற்று இல்லாத இயந்திர வகைச் சாதனத்தில் குறைந்த ஓம் காயிலை மாட்டுவது நேரடி ஆபத்து. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி 4.2 வோல்ட் கொடுக்கும், 0.15 ஓம் காயிலில் அது 28 ஆம்பியர் மின்னோட்டம். சாதாரணப் பேட்டரிகள் பல அதைத் தாங்காது. வேப் வெடித்து 2018இல் ஃப்ளோரிடாவில் ஒருவரும், 2019இல் டெக்சாஸில் ஒருவரும் இறந்திருக்கிறார்கள்.

"சளி பிடித்திருக்கிறது, டேங்க்கில் ஒரு சொட்டு நீலகிரித் தைலம் விடலாமா?" இந்தக் கேள்வி தமிழர்களிடமிருந்து மட்டும்தான் வருகிறது. விடக் கூடாது. தைலமும் எண்ணெயும் எந்த வகையாக இருந்தாலும் வேப்புக்குள் போகக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது ஒருவகை நிமோனியாவைக் கொண்டுவரும். 2019இல் அமெரிக்காவில் வேப்பால் நுரையீரல் பாதிக்கப்பட்டவர்களின் கணக்கு 2020 பிப்ரவரிக்குள் 2,807ஐ எட்டியது, 68 பேர் இறந்தார்கள். அதற்கு முதன்மைக் காரணமாகக் கண்டறியப்பட்டது, கள்ளச்சந்தைக் கஞ்சாத் திரவங்களில் கலந்திருந்த வைட்டமின் ஈ அசிடேட் என்னும் எண்ணெய்ப் பொருள். தோலில் தடவினால் தீங்கில்லாத ஒன்றுதான் அது. ஆவி பிடிக்க வெந்நீர்ப் பாத்திரம் போதும்.

பெற்றோர்கள் கவனிக்க வேண்டியது. 2024இல் பாத் பல்கலைக்கழகம் இங்கிலாந்துப் பள்ளிகளில் பறிமுதல் செய்யப்பட்ட வேப்களைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஆறில் ஒன்றில் 'ஸ்பைஸ்' என்னும் செயற்கைப் போதைப்பொருள் இருந்தது. பிள்ளையின் பையில் திரவம் ஊற்றிய டேங்க் கிடைத்தால், "பழச்சுவைதானே" என்று விட்டுவிடாதீர்கள். கைக்குழந்தை உள்ள வீட்டிலோ அபாயம் வேறு. 10 மில்லிப் புட்டியில் 200 மில்லிகிராம் நிக்கோட்டின் இருக்கலாம். 2014இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை திரவத்தைக் குடித்து இறந்தது. புட்டியை மருந்துப்பெட்டியோடு சேர்த்து உயரத்தில் வையுங்கள். குழந்தை குடித்துவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே 999ஐ அழையுங்கள், வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம்.

மருந்தாளுநர் என்ற முறையில் நான் அதிகம் வலியுறுத்துவது, வேப் கடைகளில் யாரும் சொல்லாத ஒரு விஷயம். சிகரெட் புகையில் உள்ள தாரின் பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டிவிட்டு, சில மருந்துகளை உடல் வேகமாகக் கழிக்கும்படி செய்கின்றன. க்ளோசபின், ஓலன்சபின் ஆகிய மனநல மருந்துகளும், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலினும் அப்படிப்பட்டவை. இவற்றைச் சாப்பிடுபவர் சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினால் அந்தத் தூண்டுதல் நின்றுபோகும், ஏனென்றால் தூண்டியது நிக்கோட்டின் அல்ல, புகை. மாத்திரை அதே அளவுதான், இரத்தத்தில் அதன் அளவு சில நாட்களிலேயே ஏறிவிடும். க்ளோசபினில் அது ஆபத்தான அளவுக்குப் போகலாம். மாறுவதற்கு முன்பே மருத்துவரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். இன்சுலின் போடுபவர்களும் அந்த வாரங்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். அளவைக் குறைக்க வேண்டிவரலாம். "சிகரெட்டை விட்டதிலிருந்து மயக்கமாக இருக்கிறது" என்று சொல்லும் அம்மாக்களையும் அப்பாக்களையும், வயது என்று சமாதானம் சொல்லி உட்கார வைத்துவிடாதீர்கள்.

நிக்கோட்டினைக் குறைப்பதில் அவசரம் வேண்டாம். விழித்து அரை மணிக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவர் 20 மில்லிகிராம் திரவத்திலிருந்து தொடங்குவதே நல்லது. வெட்கப்பட்டுக்கொண்டு 3இல் தொடங்கினால் மாலைக்குள் சிகரெட் வாங்கிவிடுவார். பகலில் வேப், இரவில் இரண்டு சிகரெட் என்ற சமரசத்தில் நுரையீரலுக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். சிகரெட் முழுதாக நின்ற பிறகு 20, 12, 6, 3 என்று மாதக் கணக்கில் இறங்கலாம். காரணம் புரியாத படபடப்போ மூச்சிரைப்போ இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். வேப்பின் பக்கவிளைவுகளையும் இங்கே மருந்துகளைப் போலவே 'மஞ்சள் அட்டை' முறையில் பதிவு செய்கிறோம்.

கல்யாணம், கோயில் திருவிழா என்று ஊருக்குக் கிளம்புபவர்களுக்கு ஒரு சொல். இந்தியாவில் 2019 முதல் மின் சிகரெட்டைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் குற்றம். முதல் முறைக்கே ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிங்கப்பூர் வழியாகப் போனால் வேப் கையில் இருப்பதே அங்கே குற்றம், 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையும் கூடியிருக்கிறது. சாதனத்தை லண்டன் வீட்டிலேயே வைத்துவிட்டு, பயண நாட்களுக்கு வேண்டிய நிக்கோட்டின் பட்டையையும் சூயிங்கத்தையும் ஒரு வாரம் முன்னதாகவே எங்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சூயிங்கம் தீர்ந்துபோனால் இந்தியாவின் மருந்துக் கடைகளிலேயே 2 மில்லிகிராம் அளவில் கிடைக்கும். பேச்சுத்துணை வேண்டுமென்றால் அங்கே 1800-11-2356 என்ற அரசின் இலவச எண் இருக்கிறது.